தோல் வாளியும் பித்தளைக் குழலும்

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்து ஜோகுபாளையம் என்றொரு பகுதி உண்டு. கன்னடர் அதனை ஜோகுபாள்ய என்பர். பாளையம் என்பது படை இறங்கும் இடத்தைக் குறிக்கும் சொல். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்குத் தம் படைக்கெனத் தண்டு அமைத்த பிறகு, அதன் ஓரங்களில் தமிழர் வந்து குடியேறினர். சிப்பாய்களாகவும், கொத்தர்களாகவும், தண்ணீர் சுமப்பவர்களாகவும், சிறு வணிகர்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இத்தெருக்களில் வாழ்கின்றனர். மொழி மாறாமல் நாடு மாறியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

சில மாதங்களுக்கு முன் ஜோகுபாளையத்துத் தெரு ஒன்றில் காயலான் கடை முன்பு நாம் நிற்க நேர்ந்தது. உடைந்த மிதிவண்டிகளுக்கும் பழைய மின்விசிறிகளுக்கும் நடுவே மூன்று பொருள்கள் நம் கண்ணில் பட்டன. ஒன்று, சிவப்புச் சாயம் உரிந்த இரும்பு வாளி. அதன் அடி தட்டையாக இல்லாமல் பானையின் அடிபோல உருண்டிருந்தது. மற்றொன்று, சோளக்கொண்டை வடிவில் கூம்பிய ஓர் இரும்புக் கலம். மூன்றாவது, முழ நீளமுள்ள பித்தளைக் குழல். ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருந்தது. கடைக்காரரிடம் இவை என்ன விலை என்று வினவினோம்.

“பித்தளைக்கு ஒரு விலை, இரும்புக்கு ஒரு விலை. பழசுன்னு தனியா விலை கிடையாதுங்க, சார்” என்றார் அவர்.

இம்மூன்றும் தீயை அணைக்கப் பயன்பட்ட கருவிகள். இவற்றின் வரலாறு நெடியது. அது பாடலிபுத்திரத்திலும் அலெக்சாந்திரியாவிலும் தொடங்கி, அமெரிக்காவின் மேற்கெல்லைப் பொன்வயல் ஊர்கள் வழியாகச் சென்று, நம் தண்டுப் பகுதிகளுக்கு வந்து சேர்கிறது. அந்த வரலாற்றையே இங்கு ஒருவாறு கூற எண்ணுகிறோம்.

முதலில் ஓர் ஓலைச்சுவடியைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் மைசூர் அரசின் கீழ்த்திசைச் சுவடி நிலையத்துக்குக் கிரந்த எழுத்தில் அமைந்த ஒரு சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். நிலையத்தில் பணியாற்றிய ஆர். சாமசாஸ்திரி அவர்கள் 1905ஆம் ஆண்டில் அதனைக் கண்டு, கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் என்று தெளிந்தார். 1909இல் நூல் அச்சேறியது. பெயரளவில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு நூல் தமிழ்நாட்டிலிருந்து கன்னட நாட்டுக்கு வந்த சுவடியால் உலகுக்குத் தெரிந்தது என்பது, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இனிய செய்தி அன்றோ?

அந்நூலில் நகரத் தலைவனின் கடமைகளைக் கூறும் பகுதியில் தீ பற்றிய விதிகள் உள்ளன. கோடைக்காலத்தில் நண்பகலை ஒட்டிய வேளைகளில் வீட்டுக்குள் அடுப்பு மூட்டலாகாது. வேண்டுமாயின் வெளியே சமைத்துக்கொள்ளலாம். நெருப்பைக் கொண்டு தொழில் செய்வோர் அனைவரும் ஒரே இடத்தில் குடியிருக்கவேண்டும். புல்லாலும் பாயாலும் வேய்ந்தவற்றை அகற்றிவிடவேண்டும். சாலைகளிலும் நாற்சந்திகளிலும் வாயில்களிலும் நீர்க்குடங்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கவேண்டும். இவற்றோடு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கவேண்டிய கருவிகளுக்கு ஒரு பட்டியலும் தரப்பட்டுள்ளது. நீர்க்குடங்கள், தொட்டி, ஏணி, கோடரி, முறம், அங்குசம் போன்ற கொக்கி, கூரைப் புல்லைப் பற்றி இழுக்கும் கருவி, தோற்பை என்பவை அவை. இவற்றை வைத்திராதவனுக்குக் கால் பணம் தண்டம். எரியும் வீட்டைக் காக்க ஓடிவராத வீட்டுக்காரனுக்குப் பன்னிரண்டு பணம். குடிக்கூலிக்கு இருப்பவனுக்கு ஆறு பணம். கவனக்குறைவால் தீ மூட்டியவனுக்கு ஐம்பத்துநான்கு பணம். வேண்டுமென்றே கொளுத்தியவனைத் தீயிலேயே இடவேண்டும் என்கிறது நூல். அது கொடிய தண்டனைதான்; ஆனால் ஓலைக்கூரை நகரத்தில் வாழ்ந்தவனின் அச்சம் அதில் தெரிகிறது.

கூரையைப் பற்றி இழுக்கும் அந்தக் கருவியை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். நம் கிராமங்களில் குடிசை பற்றிக்கொண்டால் பெரியவர்கள் எரிகிற கூரையை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த கூரைமீது ஏறிக் கீற்றைப் பிரித்து எறிவார்கள். எரிவதைக் காப்பாற்ற இயலாது. எரியப்போவதைக் காப்பாற்றலாம் என்பது அனுபவம் தந்த அறிவு. தொரட்டிக்கோலும் கைக்கு வந்த கடப்பாரையும் அப்போது தீயணைப்புக் கருவிகளாகிவிடும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமுன் சட்டமாக எழுதிய அதே வேலைதான் இது.

இனி அலெக்சாந்திரியா. கிறித்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த தெசிபியசு என்னும் அறிஞர், நீரை அழுத்தித் தள்ளும் இரட்டை உருளைப் பம்பைக் கண்டார். ஓர் உருளையின் தண்டு மேலேறும்போது மற்றொன்றின் தண்டு கீழிறங்கும். கொல்லன் பட்டறையில் இரண்டு துருத்திகளை மாற்றி மாற்றி ஊதுவதுபோல என்று எண்ணிக்கொள்ளலாம். இக்கலை பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஆம்சுடர்டாம் நகரத்து ஓவியர் ஒருவர், யான் வான் டெர் ஹைடன் என்பவர், தோலால் தைத்த நீண்ட குழாயைப் பம்போடு இணைத்தார். அதற்குமுன் வண்டியை எரியும் வீட்டின் முகப்பிலேயே நிறுத்தி, வாயிலிலிருந்து நீரைப் பாய்ச்சவேண்டியிருந்தது. உள்ளே எரிவதை எட்ட வழியில்லை. தோல் குழாய் வந்தபின் மனிதன் தீயின் அருகே நீரை எடுத்துச்செல்ல முடிந்தது. ஓவியர் கண்ட இவ்வழி பொறியாளர்க்குத் தோன்றாமல் போனது வியப்பே.

இலண்டனில் ரிச்சர்டு நியூசம் என்பவர் 1721இல் உரிமம் பெற்றுச் செய்த கைப்பம்பு வண்டிகள் இரண்டு, 1731ஆம் ஆண்டில் நியூயார்க் நகருக்குக் கப்பலில் சென்றன. பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்கிளின் 1736இல் தொண்டர் தீயணைப்புக் குழு ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் உறுப்பினர் தோல் வாளிகளையும், எரியும் வீட்டிலிருந்து பொருள்களை வாரிச்செல்லப் பைகளையும் கூடைகளையும் வைத்திருக்கவேண்டும் என்பது விதி. கட்டிலைப் பிரிக்க ஒரு திறவுகோலையும் அக்காலத் தொண்டர்கள் உடன் கொண்டு செல்வது வழக்கமாம். வீட்டில் விலை மிகுந்த பொருள் கட்டில்தான். அதைக் கழற்றித் தூக்கிக்கொண்டு ஓட இந்த ஏற்பாடு. கௌடிலியர் பட்டியலில் முறம் இருப்பதையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமெரிக்கர்கள் மேற்கு நோக்கிச் சென்றபோது இக்கருவிகளும் உடன் சென்றன. 1848இல் கலிபோர்னியாவில் பொன் காணப்பட்டது. சான்பிரான்சிசுகோ என்ற சிற்றூர் ஓரிரண்டு ஆண்டில் பெருநகராயிற்று. ஆனால் எத்தகைய நகர்! பலகைச் சுவர், கித்தான் கூரை, துணித் தடுப்பு, நடைபாதைகூட மரம். ஒவ்வொன்றிலும் எண்ணெய் விளக்கு. 1849 டிசம்பர் 24ஆம் நாள் முதல் பெருந்தீ மூண்டது. அதிலிருந்து 1851 ஜூன் 22 வரையுள்ள பதினெட்டே மாதங்களில் ஆறு முறை அந்நகர் பெருந்தீக்கு இரையாயிற்று. ஒவ்வொரு முறையும் சாம்பல் ஆறுமுன்னரே மீண்டும் பலகையைக் கொண்டே கட்டினார்கள். பொன் தேடி வந்தவனுக்குச் செங்கல் சுடப் பொறுமை ஏது?

அந்த எல்லைப்புற ஊர்களில் பயன்பட்ட கைப்பம்பு வண்டியின் அமைப்பைக் கூறுவோம். நான்கு சக்கரத்தின்மேல் ஒரு தொட்டி. அதன் நடுவே இரண்டு உருளைகள். இரு பக்கமும் நீண்ட கைப்பிடிக் கம்புகள். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பேராக நின்று, ஒரு பக்கத்தார் அமுக்கும்போது மறுபக்கத்தார் தூக்கவேண்டும். உருளைகளுக்கு மேலே காற்று அடைத்த ஒரு செம்புக் கலம் இருக்கும். நீர் விட்டு விட்டு வராமல் ஒரே தாரையாக வருவது அக்காற்றின் அழுத்தத்தால்தான். நிமிடத்துக்கு அறுபது முறை ஏற்றி இறக்கினால் உடல் எவ்வளவு தாங்கும்? சில நிமிடங்களில் ஓர் அணி சோர்ந்து விலக, அடுத்த அணி கம்பைப் பற்றும். தாளம் தப்பினால் கம்பு கையை முறிக்கும். தலைவன் வண்டிமேல் நின்று பித்தளை ஊதுகுழல் வழியாகக் குரல் கொடுத்துத் தாளம் காப்பான். நம் நாட்டில் ஏற்றம் இறைப்பவர் பாட்டால் தாளம் காத்த முறையை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இதில் ஒரு குறை. தொட்டியை நிரப்ப நீர் வேண்டும். அதனால் கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வண்டிவரை இரண்டு வரிசையாக மக்கள் நிற்பார்கள். ஒரு வரிசையில் நிறைந்த வாளி வரும். மற்றொரு வரிசையில் வெறும் வாளி திரும்பும். இரண்டாவது வரிசையில் பெண்களும் சிறுவர்களும் நிற்பது வழக்கம். எந்திரம் என்று பெயர். ஆனால் அதன் பின்னால் ஊரே நின்றது. சான்பிரான்சிசுகோ மக்கள் ஆறு தீக்களால் கற்ற பாடம் தெருக்களுக்கு அடியில் செங்கல் நீர்த்தொட்டிகளைக் கட்டியதாகும். 1906இல் நிலநடுக்கத்தால் குழாய்கள் உடைந்தபோது அந்தப் பழந்தொட்டிகளில் சில கைகொடுத்தன. அங்கே நாற்சந்திகளில் தரையில் வட்டமாகப் பதித்த செங்கற்களை இன்றும் காணலாம். அவற்றின்கீழ்த் தொட்டி இருக்கிறது என்று பொருள். நாற்சந்தியில் நீர் வைக்கச் சொன்ன நம் நூலாசிரியர் இதைக் கண்டால் மகிழ்ந்திருப்பார்.

தொண்டர் குழுக்களில் சேர்வது அங்குப் பெருமைக்குரியதாக இருந்தது. வணிகரும் வழக்கறிஞரும் சிவப்புச் சட்டை அணிந்து வண்டி இழுத்தனர். லில்லி ஹிட்ச்காக் என்னும் சிறுமி, மேட்டில் ஏறமாட்டாமல் நின்ற ஐந்தாம் எண் குழுவின் வண்டிக் கயிற்றைப் பற்றி இழுத்து, மற்றவரையும் அழைத்தாள் என்பர். பிற்காலத்தில் அக்குழுவின் மதிப்புறு உறுப்பினர் ஆனாள். அவள் விட்டுச்சென்ற பொருளால் 1933இல் எழுந்த கோபுரம் அந்நகரில் இன்றும் நிற்கிறது. ஆனால் குழுக்களுக்குள் போட்டியும் இருந்தது. யார் முதலில் நீர் பாய்ச்சுவது என்று தெருவில் அடித்துக்கொண்டு, வீடு எரிய விட்ட கதைகளும் அமெரிக்க நகரங்களில் பல உண்டு. இக்கலகங்களால் வெறுத்த சின்சினாட்டி நகரம் 1853 ஏப்ரல் முதல் நாளில் ஊதியம் பெறும் படையை நிறுவி, நீராவிப் பம்பையும் குதிரைகளையும் அதற்குக் கொடுத்தது. முப்பது பேரின் தோள்வலி செய்ததை ஒரு கொதிகலன் செய்தது. பித்தளையும் செம்பும் மின்னும் அந்த நீராவி வண்டிகளே இன்று அருங்காட்சியகங்களில் பெரிதும் போற்றப்படுகின்றன. கைப்பம்பைப் போற்றுவோர் குறைவு. நமக்கு அதுவே மேலானதாகத் தோன்றுகிறது.

மேற்கத்திய சுரங்க ஊர்களில் நீராவி வந்தும் துன்பம் நீங்கவில்லை. நெவாடாவில் வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த வர்ஜீனியா சிட்டி 1875 அக்டோபர் 26இல் எரிந்தது. டகோடாவின் டெட்வுட் 1879 செப்டம்பர் 26இல் எரிந்தது. ரொட்டிக்கடையில் தொடங்கிய தீ, வெடிமருந்து வைத்திருந்த கடைக்குத் தாவி ஊரை அழித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1897 பிப்ரவரியில் மைசூர் அரண்மனையில் இளவரசி ஜயலட்சம்மண்ணியின் திருமணம் நடந்துகொண்டிருந்தது. அரண்மனை பெரும்பாலும் மரத்தாலானது. அவ்விழாவின்போது மூண்ட தீயில் அது அழிந்தது. அரசப் பொறுப்பில் இருந்த மகாராணியார் புதிய அரண்மனை கட்டும் பணியை ஹென்றி இர்வின் என்னும் ஆங்கிலேயச் சிற்பியிடம் ஒப்படைத்தார். சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தில் பணியாற்றியவரும் இவரே. 1912இல் முடிந்த புதிய அரண்மனையில் கல்லும் இரும்பும் மிகுதி. தசராவின்போது அதன் விளக்கொளியைக் காண நாம் திரளாகச் செல்கிறோம். அது ஒரு சாம்பல் மேட்டின்மேல் நிற்பதை நினைப்பவர் சிலரே. மன்னர்க்கு மரத்துக்குப் பதில் கல் வாய்த்தது. ஓலைக்கூரையின் கீழ் வாழ்ந்தவர்க்கு என்ன வாய்த்தது?

பெங்களூரைப் பொறுத்தவரை, தீக்கு மருந்து ஏரிகளே. தர்மாம்புதி, சம்பங்கி, அல்சூர் என ஊரைச் சுற்றி நீர் நின்றது. 1890களில் திவான் சர் கே. சேஷாத்திரி ஐயர் காலத்தில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்வழி நீர் வந்தது. இவரும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவரே. 1905இல் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. எண்ணெய் விளக்கின் ஆட்சி அன்று தளரத் தொடங்கியது. ஆனால் குழாய் நீரும் மின்னொளியும் வந்த பின்னர் ஏரிகளை நாம் மறந்தோம். தர்மாம்புதி இருந்த இடத்தில் இன்று பேருந்து நிலையம். சம்பங்கி ஏரியில் விளையாட்டரங்கம். அல்சூர் ஏரி மட்டும் ஜோகுபாளையத்துக்கு அண்மையில் எஞ்சியுள்ளது.

சென்னையில் முறையான தீயணைப்புப் படை 1908ஆம் ஆண்டில் தோன்றியது. மைசூர் மாநிலத்தில் இதற்கெனத் தனிச்சட்டம் 1964இல் இயற்றப்பெற்றது. இவற்றுக்கு இடைப்பட்ட காலத்தின் கருவியொன்றை டெல்லியில் வாழும் தமிழன்பர்கள் எளிதில் காணலாம். தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் 1914ஆம் ஆண்டுத் தீயணைப்பு வண்டி அது. மான்செஸ்டரை அடுத்த சால்போர்டில் ஜான் மாரிஸ் நிறுவனம் செய்தது. நிஜாம் ரயில்வேயில் பல்லாண்டு உழைத்தது. சக்கரங்களில் காற்றடைத்த டயர் இல்லை, கட்டி ரப்பர். பழைய வண்டிகளின் ஊர்வலங்களில் இன்றும் தன் எந்திரத்தால் ஓடிவந்து பரிசு பெறுவதுண்டு. அருங்காட்சியகம் அமைந்துள்ள பகுதியின் பெயர் சாணக்கியபுரி. ஏணியும் கொக்கியும் தோற்பையும் வைத்திராதவனுக்குத் தண்டம் விதித்த சாணக்கியரின் பெயர்கொண்ட இடத்தில் ஏணியும் குழாயும் சுமந்த வண்டி போய்ச் சேர்ந்தது தற்செயலே ஆயினும், பொருத்தமானது.

இனிக் கடையில் கண்ட கூம்புக் கலத்தைச் சொல்லவேண்டும். உள்ளே சமையல் சோடா கரைந்த நீரும், ஒரு கண்ணாடிக் குப்பியில் கந்தக அமிலமும் இருக்கும். குமிழைத் தரையில் ஓங்கித் தட்டினால் குப்பி உடையும். அமிலமும் சோடாவும் கலந்து கரியமில வாயு எழும். அவ்வழுத்தம் நீரைப் பீச்சியடிக்கும். பம்பு அடிக்க ஆள் வேண்டாம், குதிரை வேண்டாம். அலுவலகங்களிலும் திரையரங்குகளிலும் இது நெடுங்காலம் தொங்கிற்று, இன்று வழக்கொழிந்தது. இதற்கு உடன்பிறப்பு ஒன்று அமெரிக்காவில் இருந்தது. வண்ணக் கண்ணாடி உருண்டையில் உப்புநீர் அடைத்திருப்பர், தீயில் எறியவேண்டும். பிற்காலத்தில் உப்புநீருக்குப் பதில் கார்பன் டெட்ராகுளோரைடை அடைத்தனர். அது சூடேறினால் பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு பிறக்கும். பழம்பொருள் சேர்ப்போர் அழகுக்காக இவற்றை இன்றும் தேடுகின்றனர். நீர் நிறைந்த நிலையில் கிடைத்தால் கையாளாமல் இருப்பதே நன்று.

வாளியின் அடி உருண்டிருப்பது ஏன் என்று கேட்கலாம். தரையில் நிற்காத வாளியை எவரும் வீட்டு வேலைக்கு எடுத்துச் செல்லமாட்டார். அது கொக்கியிலேயே தொங்கும். தீ மூண்ட நாளில் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். மனித இயல்பை இதைவிட நன்றாக அறிந்த கருவி வேறொன்று உண்டோ?

இத்தகைய வாளிகள் வரிசையாகத் தொங்கியவை ரயில் நிலையங்கள், அலுவலகங்கள், கொட்டகைகள். ஓலைக்கூரையில் தொங்கவில்லை. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவுக் கூடத்தின் கீற்றில் பற்றிய தீ வகுப்பறையின் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. கோடையில் புற்கூரையை அகற்றுக என்ற விதி எழுதிய நாட்டில் இது நடந்தது. பெங்களூரில் 1981 பிப்ரவரி 7இல் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 92 பேர் மாண்டனர், பெரும்பாலோர் சிறுவர். அதுவும் கித்தான் கூரைதான்; சான்பிரான்சிசுகோவின் பழைய எதிரி. 2010 பிப்ரவரி 23இல், ஜோகுபாளையத்திலிருந்து வெகுதொலைவில் இல்லாத விமான நிலையச் சாலையில், கார்ல்டன் டவர்ஸ் என்னும் உயர்ந்த கட்டடத்தில் புகை சூழ்ந்து ஒன்பது பேர் இறந்தனர். அங்கே ஓலை இல்லை. எந்திரங்கள் வந்தன, நீரும் வந்தது. வெளியேறும் வழிதான் மக்களுக்குக் கிட்டவில்லை.

அன்று நாம் வாளியை எடை போட்டு வாங்கினோம். பித்தளைக் குழலுக்குக் கையில் பணம் போதவில்லை. மறுநாள் சென்றபோது, காலையிலேயே உருக்குவதற்குச் சென்றுவிட்டதாகக் கடைக்காரர் கூறினார். கூம்புக் கலத்தை அவரே வைத்துக்கொண்டார். கடையின் கதவு காற்றில் மூடாமல் இருக்க அதனை முட்டுக் கொடுத்திருந்தார். வாளியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரையில் வைத்தோம், உருண்டு கவிழ்ந்தது. வீட்டு வேலைக்கு வரும் ஜோகுபாளையத்து அம்மையார் அதைக் கண்டு, “நிக்கவே மாட்டேங்குதே, இத எதுக்குய்யா வாங்கினீங்க?” என்று நகைத்தார். காரணத்தைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தம் சிறுவயதில் குடிசை எரிந்த இரவில் அண்டை வீட்டார் குடங்களோடு ஏரிக்கும் வீட்டுக்குமாக ஓடியதைச் சொல்லத் தொடங்கினார். வாளி இப்பொழுது சமையலறை வாயிலருகே ஆணியில் தொங்குகிறது. அதில் மணல் நிரப்பி வைத்தவர் அவர்தாம்.